நமக்குள் என்ன கணக்கு?

கூத்தாநல்லூருக்குப் பக்கத்தில் எங்கள் தெருவில் ஒரு படிப்பகம் இருந்தது. ஓட்டு வீட்டின் முன்னறைதான் படிப்பகம். சுவரில் அம்பேத்கர், பெரியார் படங்கள், இரண்டு பெஞ்சு, ஒரு அலமாரி நிறையப் புத்தகங்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து நடத்தினார்கள். மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அதைவிட முக்கியமான வேலை ஒன்றையும் சத்தமில்லாமல் செய்துவந்தார்கள். பேருந்தில் கைக்கயிறு நிறத்தை வைத்துத் தகராறு, பிளக்ஸ் கிழிந்ததால் முறைப்பு, வாட்ஸப் ஸ்டேட்டஸில் சாதிப் பெருமை என்று எது கிளம்பினாலும், இரண்டு தரப்புப் பையன்களையும் கூப்பிட்டுப் பேசி, கை ஓங்குவதற்கு முன்பே அடக்கிவிடுவார்கள்.

இதற்குப் பணம் வேண்டியிருந்தது. ஆளுக்கு மாதம் ஐம்பது ரூபாய் போட்டார்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் தெருக்காரர் சிலர் அவ்வப்போது அனுப்பினார்கள். பணத்தை வைத்திருந்த பையன் ஒருநாள் என்னிடம் வந்து, "அண்ணே, ஒரு நோட்டு போட்டு வரவு செலவு எழுதி மாசாமாசம் வாசிச்சிடலாமா?" என்று கேட்டான். "நமக்குள்ள என்னப்பா கணக்கு, போய் வேலையைப் பாரு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பெருந்தன்மையாகப் பேசியதாக அன்றைக்கு எனக்கு நினைப்பு.

ஆறு மாதத்தில் டீக்கடைப் பேச்சு கிளம்பியது. புது செல்போன் வாங்கியிருக்கிறானே, எந்தக் காசு என்று கேட்டார்கள். அவனிடம் காட்டுவதற்கு ஒரு தாள்கூட இல்லை. மனம் கசந்து திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். மற்றவர்களும் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். அறைக்குப் பூட்டு விழுந்தது. அடுத்த ஆண்டு திருவிழாவில், ஆட்டம் ஆடிய இடத்தில் தொடங்கிய சண்டையில் பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குக் கையில் வெட்டு விழுந்தது. படிப்பகம் இருந்திருந்தால் அது நடந்தே இருக்காது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் அன்று மாலை முறைப்பு தொடங்கியபோது யாருக்குப் போன் போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்கு நானும் பொறுப்பு.

அதற்குப் பிறகுதான் அமெரிக்கப் பிள்ளைகளின் கதையைத் தேடிப் படித்தேன். 2018 பிப்ரவரி 14 அன்று புளோரிடா மாநிலம் பார்க்லேண்டில் ஒரு பள்ளிக்குள் துப்பாக்கியோடு நுழைந்தவன் 17 பேரைக் கொன்றான். உயிர் தப்பிய மாணவர்கள் அழுதுகொண்டு வீட்டில் உட்காரவில்லை. 'மார்ச் ஃபார் அவர் லைவ்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கி, மார்ச் 24 அன்று வாஷிங்டனில் லட்சக்கணக்கானோரைத் திரட்டினார்கள். அதற்கு முன்பே, சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள், புளோரிடா அரசு துப்பாக்கி வாங்கும் வயதை 18-லிருந்து 21 ஆக உயர்த்திச் சட்டம் போட்டது. கோடையில் பேருந்து எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் இளைஞர்களை வாக்காளர்களாகப் பதிவு செய்தார்கள். 2022-இல் உவால்டே பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் கொல்லப்பட்டபோது மறுபடி தெருவுக்கு வந்தார்கள். அந்த ஜூன் மாதமே மத்திய அரசின் துப்பாக்கிப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது.

பணமும் குவிந்தது. ஜார்ஜ் குளூனி, ஓப்ரா வின்ஃப்ரே, ஸ்பீல்பெர்க் போன்றவர்கள் தலைக்கு 5 லட்சம் டாலர் கொடுத்தார்கள். இணையம் வழியாகச் சாதாரண மக்கள் கொடுத்தது பல லட்சம் டாலர். கல்விப் பணிக்கு ஒன்று, சட்டத்துக்காக அரசியல்வாதிகளிடம் மல்லுக்கு நிற்க ஒன்று என இரண்டு அமைப்புகளாகப் பதிந்து, இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு வைத்தார்கள். அந்த நாட்டில் இப்படிப்பட்ட அமைப்புகள் ஆண்டுதோறும் வரித்துறைக்குக் கொடுக்கும் வரவு செலவு அறிக்கையை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். எவ்வளவு வந்தது, எதற்குப் போனது, தலைமைப் பொறுப்பில் இருப்பவருக்கு என்ன சம்பளம் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

அப்படி இருந்தும் 2025 மார்ச் மாதம் அந்த அமைப்பு தன் 16 முழுநேர ஊழியர்களில் 13 பேரை வேலையிலிருந்து நிறுத்தியது. காரணம் பணப் பற்றாக்குறை. துப்பாக்கிகள் குறைந்துவிடவில்லை. துக்கம் சூடாக இருந்தபோது நீண்ட கைகள், செய்தி ஆறியதும் மடங்கிக்கொண்டன. கணக்கு ஒழுங்காக இருந்தால் மட்டும் போதாது, பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம் என்பது இதில் நமக்குள்ள பாடம்.

"அது துப்பாக்கி மலிந்த நாடு, நமக்கும் அதற்கும் என்ன?" என்று சில தோழர்கள் கேட்கலாம். கூத்தாநல்லூரில் பேருந்து ஏறித் திருவாரூர், கீழ்வேளூர் வழியாகப் போனால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் கீழ்வெண்மணி இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு கூலி உயர்வு கேட்ட மக்களின் சேரிக்குள் நிலவுடைமையாளர்களின் ஆட்கள் துப்பாக்கியோடுதான் வந்தார்கள். குண்டுக்குப் பயந்து ஓடி ஒரு குடிசைக்குள் ஒளிந்த பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் என 44 பேரைக் குடிசையோடு எரித்தார்கள். 2011 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியிலும் 2018 மே 22 அன்று தூத்துக்குடியிலும் சுட்டது காவல்துறையின் துப்பாக்கி. நம் நாட்டில் துப்பாக்கி பெரும்பாலும் பண்ணையாரிடமும் காக்கிச்சட்டையிடமும் இருக்கிறது. நம் பிள்ளைகளின் கையில் திணிக்கப்படுவது அரிவாள்.

வெண்மணியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் கொலைகாரர்களுக்குப் பின்னால் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று ஓர் அமைப்பு இருந்தது. அதற்கு உறுப்பினர்கள் இருந்தார்கள், நிதி இருந்தது. வழக்கு நடத்த வக்கீல் வைக்கும் வசதி இருந்தது. கடைசியில் உயர்நீதிமன்றத்தில் விடுதலையும் கிடைத்தது. சாதி வன்முறை கோபத்தில் திடீரென்று வெடிப்பது என்று ஊடகங்கள் எழுதும். அது பொய். அதற்கு வரவு செலவு உண்டு. பிளக்ஸுக்கு, குருபூஜை வண்டிகளுக்கு, ஜாமீனுக்கு, வாய்தாவுக்கு என்று ஆதிக்கச் சாதிச் சங்கங்கள் ஆண்டு முழுவதும் வசூலிக்கின்றன. வன்முறைக்கு நிரந்தர நிதி இருக்கிறது. அதைத் தடுக்கும் நம் பிள்ளைகளிடம் பேருந்துக் கட்டணத்துக்குக் காசு இல்லை.

அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஏற்பட்டது நம் நாட்டிலும் ஏற்கெனவே நடந்ததுதான். குஜராத்தின் கோலானா கிராமத்தில் 1986 ஜனவரி 25 அன்று, தங்களுக்கு உரிய நிலத்துக்காக நின்ற நான்கு தலித்துகளை ஆதிக்கச் சாதியினர் சுட்டுக் கொன்றார்கள். அவர்களோடு வேலை செய்துவந்த மார்ட்டின் மக்வான் அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். அந்தச் சாவுகளிலிருந்து எழுந்ததுதான் அவர் தொடங்கிய நவ்சர்ஜன். நிலம், குறைந்தபட்சக் கூலி, மலம் அள்ளும் கொடுமை என்று கிராமம் கிராமமாக வேலை செய்தது. 1,589 கிராமங்களில் தீண்டாமை எந்தெந்த வடிவங்களில் இருக்கிறது என்று ஆய்வு செய்து 2010-இல் வெளியிட்டது. 2016 டிசம்பரில் மத்திய அரசு அதன் வெளிநாட்டு நிதி உரிமத்தை ரத்து செய்தது. சமூகங்களுக்கும் சாதிகளுக்கும் இடையிலான நல்லிணக்கத்தைக் கெடுக்கிறதாம்! தீண்டாமையை எண்ணிக் காட்டுவது நல்லிணக்கத்துக்குக் கேடு, தீண்டாமை கேடு இல்லை. பணம் நின்றதும் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

2020-இல் அந்தச் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். வெளிநாட்டு நிதி பெறும் அமைப்பு அதைச் சின்ன அமைப்புகளுக்குப் பகிர்ந்து கொடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் கணக்கு தொடங்க வேண்டும். உரிமம் கேட்டு விண்ணப்பிக்கவே மூன்று ஆண்டு அனுபவமும் அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய் செலவழித்த கணக்கும் வேண்டும். ஒரு தெருப் படிப்பகத்துக்கு அந்த வாசல் மூடப்பட்டுவிட்டது என்றே பொருள்.

எங்கள் ஊர்ப்பக்கம் இதில் ஒரு நுட்பம் தெரிந்திருக்க வேண்டும். கூத்தாநல்லூரைச் சின்ன சிங்கப்பூர் என்பார்கள். வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில். இந்தியக் குடியுரிமையோடு அங்கே வேலை செய்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால், சட்டப்படி அது வெளிநாட்டு நிதி ஆகாது. அதே மனிதர் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டால் அவர் அனுப்புவது வெளிநாட்டு நிதி. சொந்த மச்சானாக இருந்தாலும் அப்படித்தான். இது தெரியாமல் பணம் வாங்கிவிட்டு மாட்டிக்கொண்டால், வழக்குப் போடக் காத்திருப்பவர்களுக்கு நாமே கயிறு எடுத்துக் கொடுத்ததாகும்.

சரி, அரசு செய்யட்டுமே என்பார்கள். செய்யத்தான் வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கைக்கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. எல்லாச் சமூகத்து மாணவர்களையும் கொண்ட சமூக நீதி மாணவர் படையை உருவாக்கச் சொன்னது. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். இவற்றை நடத்திக் காட்டு என்று அரசை நெருக்க வேண்டும். ஆனால் கூட்டம் நடந்ததா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பதற்கும் 10 ரூபாய் கட்டணம் உண்டு. அந்தப் பத்து ரூபாய் நம்முடையதாக இருந்தால்தான் கேள்வியும் நம்முடையதாக இருக்கும்.

ஏழைகளிடம் காசு கேட்பதா என்று தயங்கும் தோழர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பி.சீனிவாசராவ் கீழத்தஞ்சையில் சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராக விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டியபோது அவர்கள் நம்மைவிட ஏழைகள். அவர்களுடைய சங்கம் அவர்கள் தோளில்தான் நின்றது. பெரியார் கையெழுத்துப் போடவும், குழந்தைக்குப் பெயர் வைக்கவும்கூடக் காசு வாங்கினார். காசு கொடுத்தவனுக்கு இயக்கம் சொந்தமாகும் என்று அவருக்குத் தெரியும்.

நம் தெருக்களுக்கும் இது புதிதில்லை. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுகிறோம். யார் கொடுத்தார், யார் பாக்கி என்று நோட்டில் எழுதுகிறோம். திருவிழா முடிந்ததும் எல்லோரையும் உட்கார வைத்து, பந்தல்காரனுக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு என்று வாசிக்கிறோம். சாமிக்குக் கணக்கு வாசிக்கத் தெரிந்த நமக்குப் படிப்பகத்துக்கு வாசிக்கத் தெரியாதா?

நூறு பேர் மாதம் நூறு ரூபாய் போட்டால் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். அறை வாடகை, மின்கட்டணம், காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் ஓடும் செலவு, மனு எழுதி நகலெடுக்கும் செலவு, ஒரு பிள்ளையின் தேர்வுக் கட்டணம் எல்லாம் இதற்குள் அடங்கும். ஏழு பேர் சேர்ந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவு செய்து, அமைப்பின் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கலாம். இருவர் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்கக் கூடாது, அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். மாதக் கடைசி ஞாயிறு தெருவில் வாசிக்க வேண்டும். பெரிய தொகை யாராவது கொடுத்தால் வாங்கலாம். ஆனால் அது நின்றுபோனால் படிப்பகமும் நின்றுபோகும் அளவுக்கு அதை நம்பக் கூடாது.

கணக்கு எழுதுவது நம்பிக்கையின்மை என்று நினைத்தேன். நேர்மையான பிள்ளைக்குப் பெரியவர்கள் கொடுக்கக்கூடிய பாதுகாப்பு அதுதான் என்று தாமதமாகப் புரிந்தது. திருப்பூரில் இருக்கும் அந்தப் பையனுக்குப் போன வாரம் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "நோட்டு வாங்கிட்டீங்களாண்ணே?" என்றுதான் கேட்டான். வாங்கிவிட்டேன். முதல் பக்கத்தில் என் பெயரும் நூறு ரூபாயும் எழுதியிருக்கிறது. மீதிப் பக்கங்களைத் தெரு நிரப்ப வேண்டும். உங்கள் தெருவிலும் ஒரு நோட்டு வாங்குங்கள், தோழர்களே.