வருணனும் பெரியாறும்

மயிலைக் குளக்கரையில் மாலை நேரம். பெரியவர் ஒருவர் உரைத்துக்கொண்டிருந்தார்: "வருணன் தந்த நீரிலே மின்சாரத்தைக் கறந்துவிடுகிறார்கள். சத்துப் போன சக்கைநீர்தான் வயலுக்கு வருகிறது!" எந்த வெளிச்சத்தில் நின்று சொன்னார்? மின்விளக்கின் வெளிச்சத்தில்!

சிரித்துவிட்டு நடந்திருப்பேன். பக்கத்தில் நின்ற பள்ளிச் சிறுவன் ஆம் என்று தலையசைத்தான். அந்தத் தலையசைப்புத்தான் என்னை எழுத வைக்கிறது.

தோழர்களே! சுழலி நீரைக் குடிப்பதில்லை. விழும் நீரின் விசையை மட்டுமே வாங்குகிறது. உள்ளே சென்ற நீர் சொட்டுக் குறையாமல் வெளியேறி வயலுக்குப் போகிறது. எந்தச் சத்து எங்கே போயிற்று?

முல்லைப் பெரியாற்றைப் பாருங்கள். மேற்கே ஓடிக் கடலில் கலந்த ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பினார் பென்னி குயிக். 1895-இல் அணை எழுந்தது. ஆயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து இறங்கிய அந்நீர் வயலை நனைத்தது, விளக்கை ஏற்றவில்லை. 1958-இல்தான் லோயர் கேம்பில் சுழலி சுழன்றது. இடையில் அறுபத்து மூன்று ஆண்டுகள்! அறுபத்து மூவரை ஆண்டுதோறும் தோளில் சுமக்கும் மயிலையில், அறுபத்து மூன்றாண்டு வீணான விசையை எண்ணி வருந்தியவர் எத்தனை பேர்?

தடுத்தது தெய்வமன்று, தாள்! 1886-ஆம் ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் பாசனத்துக்கானது. மின்சாரம் எடுக்கச் சென்னை முனைந்தபோது திருவிதாங்கூர் மறுத்தது. பாசனத்துக்கு மட்டுமே நீர் என்று 1941-இல் நடுவர் தீர்ப்பளித்தார். பின்னர் பேச்சு நடந்தது, சுழலிகள் வந்தன, நான்கு சுழலிகள், 140 மெகாவாட். கேரளத்துக்குக் கட்டணம் செலுத்தி மின்சாரம் எடுக்கும் உரிமை 1970 ஒப்பந்தத்தில் எழுத்தாயிற்று. இதில் எந்த வேள்விக்கு என்ன பங்கு? (பெரியாற்றுக்கும் பெரியாருக்கும் ஓர் எழுத்துத்தான் வேறுபாடு, வைதிகருக்கு இரண்டுமே கசக்கின்றன போலும்!)

பழங்கதை என்பீரோ? சென்னையின் ஏரிகள் வறண்ட 2019-இல், மழைக்கு வேள்வி நடத்துமாறு கோயில்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தது அறநிலையத்துறை. குடத்துக்கு நீரின்றித் தாய்மார் தெருவில் நிற்க, அண்டா நிறைய நீரில் அமர்ந்து வருண ஜபம் செய்தனர் அர்ச்சகர்கள்! அந்த அண்டா நீரையாவது தெருவுக்குத் தந்திருக்கலாமே?

அந்தச் சிறுவனை விடுமுறையில் லோயர் கேம்புக்கு அழைத்துச் செல்ல அவன் தந்தையிடம் இசைவு கேட்டிருக்கிறேன். சுழலியைக் கடந்து வரும் நீரை அவனே கையில் அள்ளட்டும். அதே நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கின் வயலில் இறங்கி, நெற்கதிரையும் தொட்டுப் பார்க்கட்டும்.