தரை மின்னுகிறது, கை வெடிக்கிறது

நூற்பு மில்களில் வேலை செய்யும் தோழர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். பண்டிகைக்காக இரண்டு மூன்று நாள் மில் நிற்கிறது. லீவு முடிந்து ஷிப்டுக்கு வந்தால், நேற்றுவரை குண்டும் குழியுமாக, எண்ணெய்க் கறையோடு கிடந்த சிமெண்டுத் தரையைக் காணோம். அந்த இடத்தில் பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி ஒரு தரை. கோன் ட்ராலி சத்தமில்லாமல் ஓடுகிறது. பஞ்சு ஒட்டவில்லை, ஒரு முறை கூட்டினால் சுத்தமாகிவிடுகிறது. எபாக்ஸி பூச்சு என்கிறார்கள்.

தரையைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அதைப் போட்டது யார்?

திருச்சுழிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் சென்ற மாதம் நாம் ஒரு விவசாயத் தொழிலாளியைச் சந்தித்தோம். வயது முப்பதைத் தாண்டவில்லை. மானாவாரிக் காட்டில் வேலை இல்லாத மாதங்களில், ஒரு மேஸ்திரியோடு தரைப் பூச்சு வேலைக்குப் போய் வந்தவர். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. நீர் கோத்துக் காய்ந்த தோல். மணிக்கட்டுவரை கருத்துத் தடித்திருக்கிறது. "களைக்கொத்துப் பிடிக்க முடியல அண்ணே. அந்த வேலைய விட்டு நாலு மாசமாச்சு. அந்த வாடை பட்டாலே முகமெல்லாம் ஊதிப்போகுது" என்றார். கையுறை கொடுத்தார்களா என்று கேட்டோம். முதல் நாள் ஒரு ஜோடி கொடுத்தார்களாம், மத்தியானத்துக்குள் கிழிந்துவிட்டதாம். பிறகு வெறுங்கைதான். சாயங்காலம் கையில் ஒட்டியதைத் தின்னர் ஊற்றிக் கழுவிக்கொள்ளச் சொன்னார்களாம்.

இதைப் படித்துவிட்டு, 'இந்தப் பூச்சே வேண்டாம்' என்று நாம் சொல்லப் போவதாக யாரும் நினைக்க வேண்டாம். அது நம் அபிப்பிராயம் அல்ல. சிமெண்டுத் தரை தேயத் தேயப் பொடி கிளம்புகிறது. ட்ராலிச் சக்கரம் ஓடிய தடத்தில் பள்ளம் விழுகிறது. சிந்திய எண்ணெயைச் சிமெண்டு குடித்துவிடும். எத்தனை கழுவினாலும் போகாது. அதில் கால் வழுக்கி விழுந்த தோழர்கள் உண்டு. பஞ்சுத் தூசியோடு சிமெண்டுத் தூசியையும் சேர்த்துச் சுவாசிப்பதில் தொழிலாளிக்கு என்ன லாபம்? நல்ல தரை நமக்கும் வேண்டியதுதான். நம் பாட்டன்மார் சாணம் மெழுகினார்கள். வசதி இருந்தவர்கள் சுண்ணாம்பில் கடுக்காயும் கருப்பட்டியும் கலந்து இழைத்தார்கள். பின்பு சிமெண்டு வந்தது. இப்போது இது. வரட்டும். ஆனால் மில் தொழிலாளியின் கால் வழுக்காமல் இருக்க, இன்னொரு தொழிலாளியின் கை வெந்து போக வேண்டுமா என்பதுதான் கேள்வி.

எபாக்ஸி என்பது என்ன? வீட்டில் உடைந்த பொருளை ஒட்ட இரண்டு ட்யூப் பசை வாங்கிக் கலக்குகிறோமே, அரால்டைட், அது எபாக்ஸிதான். ஒன்று ரெசின், மற்றொன்று ஹார்டனர். தனித்தனியாக இருக்கும்வரை இரண்டும் குழம்பு மாதிரி கிடக்கும். கலந்துவிட்டால் ஒன்றையொன்று பிடித்துப் பின்னிக்கொண்டு, சூடேறி, கல்லாக இறுகிவிடும். மறுபடி உருக்க முடியாது. 1930களில் சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்தான் என்ற ரசாயனி இதைச் செய்து பார்த்தது பொய்ப்பல் கட்டுவதற்காக! அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீ என்பவர் பூச்சு வேலைக்காக இதே வழியில் போனார். 1946ல் சுவிஸ் கம்பெனி அதை அரால்டைட் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. பல்லுக்குப் பிறந்த சரக்கு இன்று மில் தரையில் கிடக்கிறது.

இறுகிய பிறகு இதனால் பெரிய தீங்கு இல்லை. அதன்மேல் நடக்கலாம், உட்காரலாம். இறுகுவதற்கு முன்புதான் ஆபத்து. அந்த நேரத்தில் அதன் பக்கத்தில் இருப்பவர் முதலாளி அல்ல, மானேஜரும் அல்ல. ரோலர் பிடிக்கிற கூலித் தொழிலாளி.

ரெசினும் ஹார்டனரும் தோலில் படப் பட, உடம்பு அதைப் பகையாக அடையாளம் கண்டுகொள்கிறது. ஒருவருக்குப் பத்து நாளில் வரலாம்; இன்னொருவருக்கு இரண்டு வருஷம் கழித்து வரலாம். வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போவதில்லை. அதன்பின் ஒரு சொட்டுப் பட்டாலும் போதும், தோல் வெடிக்கும். திருச்சுழித் தோழருக்கு நடந்தது இதுதான். தின்னர் ஊற்றிக் கழுவுவது எரிகிற வீட்டில் எண்ணெய் வார்ப்பது போல. தின்னர் தோலில் உள்ள கொழுப்பைக் கரைத்துவிடுகிறது. வேலியைப் பிடுங்கிய காட்டில் மாடு நுழைவது மாதிரி விஷம் உள்ளே போகிறது. சோப்பும் தண்ணீரும்தான் சரியான வழி. வைத்தியர் போடுகிற மெல்லிய ரப்பர் கையுறை இதற்கு உதவாது. எபாக்ஸி அதற்குள் ஊடுருவிவிடும். நைட்ரைல் என்ற சாதியில் கொஞ்சம் தடித்த கையுறை வேண்டும். அதையும் அடிக்கடி மாற்ற வேண்டும். நாள் முழுவதும் ஒரே ஜோடி என்பது கையுறை இல்லாததற்குச் சமம்.

பூசுவதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. பழைய தரையின் மேல்தோலை வைரக்கல் பதித்த மெஷினால் அரைத்து எடுக்க வேண்டும். அப்போதுதான் பூச்சு பிடிக்கும். அரைக்கிறபோது பறக்கிற மாவு சாதாரண மாவு அல்ல. கான்கிரீட்டில் மணல் இருக்கிறது, மணலில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூள் நுரையீரலில் போய் உட்கார்ந்தால் திரும்பி வராது. வடுவாகி மூச்சை அடைக்கும். சிலிகோசிஸ் என்று பெயர். இந்தத் தூள் புற்றுநோயையும் உண்டாக்கும் என்று 1997ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு தீர்ப்புச் சொல்லிவிட்டது. அரைக்கும் மெஷினோடு சேர்ந்து தூசியை உறிஞ்சும் மெஷின் விற்கிறது. அதற்கு வாடகை கொடுக்க மனமில்லாத காண்ட்ராக்டர், தொழிலாளியின் மூக்கில் துண்டைக் கட்டிவிடுகிறார். துண்டு வியர்வையைத் துடைக்கும், சிலிக்காவைத் தடுக்காது.

டென்மார்க் என்று ஒரு சிறிய நாடு. அங்கே எபாக்ஸி வேலைக்குப் போகிறவர் அதற்கென்று தனிப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கையில் சொறி, சிரங்கு உள்ளவர்களை இந்த வேலைக்கு வைக்கக்கூடாது. கை அளவுக்கு மீறி வியர்க்கிறவர்களையும் வைக்கக்கூடாது! நம் ஊர்ச் சித்திரை வெயிலில், தகரக் கூரைக்கடியில், யாருடைய கை வியர்க்காமல் இருக்கும்? அந்தச் சட்டத்தை இங்கே அப்படியே வைத்தால் காண்ட்ராக்டருக்கு ஒரு ஆள்கூடக் கிடைக்கமாட்டார்.

நம் நாட்டில் சட்டமே இல்லையா? இருக்கிறது. 1948ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையிலேயே சிலிகோசிஸும், ரசாயனங்களும் பெயிண்டும் பட்டு வரும் தோல் நோயும் தொழில் நோய்களாக எழுதப்பட்டிருந்தன. அப்படி ஒரு நோயாளியைப் பார்க்கிற வைத்தியர் அதிகாரிக்கு எழுதி அனுப்ப வேண்டும் என்பது விதி. 2025 நவம்பர் 21ந் தேதி முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. நோய்ப் பட்டியலை அதுவும் வைத்திருக்கிறது. ஆனால் வாசலைக் குறுக்கிவிட்டது. மின்சாரம் உபயோகிக்கும் இடத்தில் முன்பு 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை. இப்போது 20 பேர் வேண்டும். காண்ட்ராக்ட் தொழிலாளர் சட்டம் முன்பு 20 பேரிலிருந்து. இப்போது 50 பேரிலிருந்து. தரைப் பூச்சுக்கு வருகிற கூட்டம் எத்தனை பேர்? ஐந்து பேர், ஆறு பேர். ஒரு மேஸ்திரி, ஒரு வேன். 20 என்ற பழைய கணக்கிலேயே அகப்படாதவர்கள், 50 என்ற கணக்கில் எங்கே அகப்படப் போகிறார்கள்? இன்று அருப்புக்கோட்டை, நாளை ராஜபாளையம், மறுநாள் திருப்பூர் என்று போகிற இவர்களுக்கு மஸ்டர் ரோலும் கிடையாது, கேட் பாஸும் கிடையாது.

ஒன்று மட்டும் கையில் இருக்கிறது. 1994ல் தமிழ்நாட்டில் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம். பெயிண்டர் வேலையும் அதில் அடங்கும். இந்த வேலைக்குப் போகிற தோழர்கள் உடனே பதிவு செய்துகொள்ளுங்கள். வைத்தியரிடம் போகிறபோது 'அரிப்பு' என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். "எபாக்ஸி வேலை செய்தேன், ஹார்டனர் கையில் பட்டது" என்று சொல்லுங்கள். சீட்டில் அதை எழுதித் தரும்படி கேளுங்கள். களிம்புச் சீட்டோடு திரும்பினால் நாளைக்கு எந்த ஆதாரமும் இருக்காது.

இங்கே நம் சொந்த ஜனங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. காரியாபட்டி, திருச்சுழி, நரிக்குடி ரோட்டோரங்களில் டிராக்டர் பட்டறை, டூவீலர் பட்டறை வைத்திருப்பவர்கள் முதலாளிகள் அல்ல. தாங்களே ஸ்பானர் பிடிக்கிற உழைப்பாளிகள். அவர்களில் சிலர் தாங்களே டப்பா வாங்கிப் பட்டறைத் தரையில் அடிக்கிறார்கள். அடுத்த மழைக்குள் அது அப்பளம் மாதிரி உரிந்து வருகிறது. 'கம்பெனி ஏமாற்றிவிட்டான்' என்கிறார்கள். சில சமயம் ஏமாற்றுத்தான். அதிகமாகக் காரணம் நம் கரிசல் மண். மழை பெய்தால் உப்பும். வெயிலில் சுருங்கிப் பிளக்கும். அதன்மேல் நேரடியாகப் போட்ட தரை அதோடு சேர்ந்து தூக்கும், இறங்கும், வெடிக்கும். எபாக்ஸி கெட்டியானது, ஆனால் வளையாது. கீழே உள்ள வெடிப்பு மேலேயும் வந்தே தீரும். புதிதாகத் தரை போடுகிறவர்கள் முதலில் கரிசலை வெட்டி எடுத்துவிட்டுச் சரளை போட்டு இறுக்கி, பாலிதீன் தாள் விரித்து, அதன்மேல் கான்கிரீட் போட வேண்டும். பிறகு 28 நாளாவது விட வேண்டும்.

பழைய தரையா? ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் தாளைத் தரையில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் தாளுக்கடியில் வேர்த்திருந்தால், தரை கறுத்திருந்தால், அடிக்காதீர்கள். ஈரம் கீழிருந்து ஏறி வருகிறது. ஐப்பசி கார்த்திகையில் இதைத் தொடவே வேண்டாம். தண்ணீர் சொட்டு விட்டுப் பாருங்கள். தரை குடித்தால் சரி, முத்துமுத்தாக நின்றால் எண்ணெய் இருக்கிறது, பூச்சு பிடிக்காது. டப்பாவில் 25 டிகிரிக்கு 40 நிமிஷம் என்று போட்டிருந்தால், 35 டிகிரியில் 20 நிமிஷம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கலந்ததை வாளியிலேயே வைத்திருந்தால் சூடேறிப் புகைந்துவிடும். உடனே தரையில் கொட்டிப் பரப்ப வேண்டும். கெட்டியாகிறதே என்று தின்னர் ஊற்றி இளக்காதீர்கள். பூச்சும் கெடும், அடைத்த அறையில் அந்த ஆவிக்கு ஒரு பீடி நெருப்பே போதும். ஒரு நாளைக்குப் பின் நடக்கலாம், வண்டி ஏற்ற மூன்று நாள், டீசலும் ஆசிட்டும் தாங்க ஏழு நாள். நம்மைக் கேட்டால், சிறிய டிராக்டர் பட்டறைக்கு எபாக்ஸி அவசியமே இல்லை. நல்ல கான்கிரீட் போட்டு, சோடியம் சிலிகேட் கரைசலை ஊற விட்டால் பொடி கிளம்புவது பெரும்பாலும் நின்றுவிடும், செலவும் குறைவு. காசை வேறு கருவிக்குப் போடலாம்.

மில் விஷயம் அப்படியல்ல. அங்கே பணம் இருக்கிறது. தரை வேலைக்குக் காண்ட்ராக்ட் எழுதுகிறபோது எத்தனை மில்லிமீட்டர் கனம், என்ன நிறம், எத்தனை வருஷம் கியாரண்டி என்று வரிக்கு வரி எழுதுகிறார்கள். அதே தாளில், தூசி உறிஞ்சும் மெஷின் இல்லாமல் அரைக்கக்கூடாது, ஆளுக்கு இத்தனை ஜோடி நைட்ரைல் கையுறை, கண்ணாடி, முகமூடி, கை கழுவச் சோப்பும் தண்ணீரும், வேலை நேரத்தில் ஜன்னலும் காற்றாடியும் என்று நாலு வரி எழுத என்ன தடை? தரை யாருடையதோ, அவரே பொறுப்பு. 'அவன் காண்ட்ராக்டர் ஆள், எனக்குத் தெரியாது' என்று நிர்வாகம் கை கழுவ விடக்கூடாது.

இதைக் கேட்க வேண்டியவர்கள் மில் சங்கத் தோழர்கள். 'லீவு நாளில் வந்து போகிறவன் நம் சங்கத்தில் இல்லையே' என்று சிலர் நினைக்கலாம். பஞ்சுத் தூசியால் மூச்சு முட்டுவது தொழில் நோய்தான் என்று ஒப்புக்கொள்ள வைக்கத் தொழிலாளர் எத்தனை காலம் போராடினார்கள் என்பது இவர்களுக்குத் தெரியும். இன்று ரோலர் பிடிக்கிற கை நேற்று மல்லி பறித்த கை, முந்தாநாள் பருத்தி எடுத்த கை. நம் பக்கத்து ஊர்க்காரர்தான்.

உங்கள் மில்லில் தரை வேலை நடந்திருந்தால் எழுதுங்கள். எத்தனை பேர் வந்தார்கள், எந்த ஊர், எத்தனை ராத்திரி வேலை, உறிஞ்சும் மெஷின் இருந்ததா, கையுறை எத்தனை ஜோடி, கை கழுவ என்ன வைத்திருந்தார்கள். வேலைக்குப் போன தோழர்கள் தாங்களே எழுத முடியாவிட்டால் கிளைத் தோழரிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். பெயர் போடமாட்டோம்.