மீன் பெட்டியும் வேன் அடுக்களையும்

தை மாதத்தில் படாளம் கூட்டு ரோட்டில் ஒரு மணி நேரம் நின்றால் போதும், தமிழ்நாட்டு வேன் வாழ்க்கை மொத்தமும் கண்முன்னே ஓடும். மேல்மருவத்தூருக்கு விரையும் செவ்வாடை வேன்கள், வேடந்தாங்கலில் பறவை பார்த்துத் திரும்பும் குடும்பங்கள், திருச்சிப் பக்கம் போகும் லாரிகள். நடுவே சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிவரும் டிராக்டர் எல்லாரையும் நிதானமாக்கும். கோயில் கோயிலாகப் பத்து நாள் சுற்றும் வேன் என்றால் கேஸ் சிலிண்டர், அண்டா, அரிசி மூட்டை எல்லாம் கூடவே வரும். புளியமர நிழல் கிடைத்த இடத்தில் அடுப்பு எரியும். ஆனால் காலையில் வாங்கிய பால், அடுத்த டீ போடுவதற்குள் திரிந்துபோயிருக்கும்.

இப்போது இந்தக் கூட்டத்தில் புதிதாக ஒரு வகையினர் சேர்ந்திருக்கிறார்கள். பழைய ஆம்னியையோ டெம்போ டிராவலரையோ வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் பொருத்தி, மாதக்கணக்கில் ஊர் சுற்றும் இளைஞர்கள். வண்டி தயாரானதும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எந்த ஃபிரிட்ஜ் வாங்குவது என்பதுதான். அதற்கு விடை இதே சாலையில் தினமும் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் அவர்களைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறது.

கோவளம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம் என்று கடலோரக் குப்பங்களில் விடிகாலையில் ஏலம் எடுத்த மீன், வெயில் ஏறுவதற்குள் உள்நாட்டுத் தெருக்களுக்கு வந்துவிடுகிறது. பைக்கின் பின்னால் கட்டிய பெட்டியில் மின்சாரம் கிடையாது, மோட்டார் கிடையாது. அடியில் ஒரு படுகை ஐஸ், அதன் மேல் மீன், மறுபடியும் ஐஸ், மேலே ஈரச் சாக்கு, மூடி. நம் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும் என்பது மீன்வளத் துறையினர் சொல்லும் கணக்கு. வியாபாரிகள் அதைக் கைப்பழக்கமாகவே போடுகிறார்கள். அவர்களைக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும்: வாடிக்கையாளர் பேரம் பேசி முடிக்கும்வரை மூடி திறக்காது. எந்த மீன் வேண்டும் என்று முடிவானதும் கை உள்ளே போகும், எடுக்கும், மூடும்.

இதற்குப் பின்னால் எளிய இயற்பியல் இருக்கிறது. ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். அதே ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி போதும். அதாவது, உருகி முடியும்வரை ஐஸ் வெப்பத்தை விழுங்கிக்கொண்டே பூஜ்ஜியம் டிகிரியில் நிற்கும். பத்து கிலோ ஐஸ் உருகும்போது இழுத்துக்கொள்ளும் வெப்பத்தை மின் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட 0.9 யூனிட். பெட்டிக்குள் வெப்பம் எவ்வளவு மெதுவாக நுழைகிறதோ, அவ்வளவு நேரம் ஐஸ் தாங்கும். ஆகவே செலவு செய்ய வேண்டிய இடம் பெட்டியின் சுவர்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 50 லிட்டர் பிடிக்கும் தெர்மாகோல் பெட்டி, சுவர் ஒரு அங்குலக் கனம், வெளியே இரவும் பகலும் சேர்த்துச் சராசரியாக 32 டிகிரி என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 8 முதல் 10 கிலோ ஐஸ் கரையும். அதே பெட்டிக்குள் இன்னொரு அங்குலத் தெர்மாகோல் அட்டையை வெட்டி ஒட்டினால் தேவை ஏறத்தாழப் பாதியாகும். சில நூறு ரூபாய் அட்டையும் ஒரு டேப்பும் செய்யும் வேலை இது. பெட்டியை வண்டியின் தகரத் தரையில் நேரடியாக வைக்காமல் பலகைமேல் வைத்து, மேலே பழைய கம்பளியைப் போர்த்தினால் இன்னும் மிச்சம். வெளியே 35 டிகிரி இருக்கும்போது கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் ஒரு மணி நேரத்தில் 50 டிகிரியைத் தாண்டிவிடும். எனவே வண்டியை நிழலில் நிறுத்துவதே முதல் சேமிப்பு.

வெப்பத்தை வெளியே நிறுத்துவதை வைத்தே ஒரு காலத்தில் கண்டம் தாண்டிய வியாபாரம் நடந்தது. 1833 மே மாதம் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து பிரெடரிக் டியூடர் என்ற வணிகர், ஏரியில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி 180 டன் ஏற்றி ஒரு கப்பலைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். வெப்ப மண்டலக் கடலில் நான்கு மாதம் மிதந்து வந்த பிறகும் சுமார் 100 டன் மிச்சமிருந்தது. ஐஸைச் சுற்றித் திணித்து அனுப்பினால் உருகாமல் காக்கும் என்று அந்த வியாபாரம் நம்பியது மரத்தூளை. சென்னைக்கு வந்த சரக்கை வைக்கத்தான் 1842-ல் மெரினா எதிரே ஐஸ் ஹவுஸ் எழுந்தது. இன்று அது விவேகானந்தர் இல்லம். ஐஸ் இயந்திரங்கள் வந்து டியூடரின் வியாபாரத்தை முடித்து வைத்தன. ஆனால் மரத்தூளும் உமியும் சாக்கும் நம் ஐஸ் வண்டிகளில் வெகுகாலம் நீடித்தன.

சிக்கனம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது மண்பானை. குஜராத்தின் வாங்கானேரில் மன்சுக்பாய் பிரஜாபதி என்ற குயவர், 2001 பூகம்பத்துக்குப் பிறகு யோசிக்கத் தொடங்கி, மின்சாரம் இல்லாத ‘மிட்டிகூல்’ களிமண் ஃபிரிட்ஜை உருவாக்கினார். நைஜீரியாவில் முகம்மது பா அப்பா என்ற ஆசிரியர் ஒரு பானைக்குள் இன்னொரு பானையை வைத்து, இடையில் ஈர மணலைக் கொட்டி, அதற்காக 2000-ல் ரோலெக்ஸ் விருது பெற்றார். மூன்று நாளில் வாடும் கத்தரிக்காய் அந்தப் பானையில் 27 நாள் இருந்தது.

இரண்டும் நல்ல கண்டுபிடிப்புகள்தான். ஆனால் இரண்டும் வறண்ட காற்றில் பிறந்தவை. தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதால்தான் பானை குளிர்கிறது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் தண்ணீர் எங்கே ஆவியாகும்? 40 டிகிரி வெயிலும் 20 சதவீத ஈரப்பதமும் உள்ள ஊரில் ஈரப்பானை அதிகபட்சம் 22 டிகிரி வரை இறங்கலாம். மாமல்லபுரக் கரையில் 34 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம் உள்ள ஒரு பகலில் அது 28 டிகிரிக்குக் கீழே போகாது. கீரை, தக்காளி, பச்சை மிளகாய், குடிக்கும் தண்ணீர் இவற்றுக்கு அது போதும். பாலுக்கும் மீனுக்கும் போதாது. குளிரில் வைக்க வேண்டிய உணவு 5 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி.

மின்சாரத்துக்கு வருவோம். 2010-ஐ ஒட்டி கோத்ரெஜ் நிறுவனம் ‘சோட்டுகூல்’ என்ற சிறு பெட்டியைக் கொண்டுவந்தது. எடை 8 கிலோவுக்கும் குறைவு, 12 வோல்ட் பேட்டரியில் ஓடும், ஆரம்ப விலை 3,250 ரூபாயை ஒட்டி. குளிர்ந்த காற்று கனமானது, கதவைப் பக்கவாட்டில் திறந்தால் கொட்டிப்போகும் என்பதால் மூடியை மேலே வைத்தார்கள். மீன் பெட்டியின் அதே புத்தி. கிராம வீடுகளை நினைத்துச் செய்த பெட்டி அங்கே எதிர்பார்த்தபடி ஓடவில்லை. பிறகு நகரத்தாரிடமும் கார் பயணிகளிடமும் போனது.

அதற்குள் இருந்தது பெல்டியர் முறை. இன்று கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ‘கார் கூலர்’ பெரும்பாலும் இந்த வகைதான். கம்ப்ரசர் இல்லை, சத்தம் இல்லை, விலையும் குறைவு. ஆனால் வெளி வெப்பத்திலிருந்து 20 டிகிரி அளவுக்குத்தான் அதனால் இறக்க முடியும். வேனுக்குள் 40 டிகிரி என்றால் பெட்டிக்குள் 20. அதுவும் நிற்காமல் ஓடி, 50 வாட் வகை நாளுக்கு 1.2 யூனிட் தின்னும். ஏற்கனவே குளிர்ந்த பொருளை அப்படியே காக்க ஓரளவு உதவும், சூடான பாலைக் குளிர வைக்காது. வாங்கியவர்கள் பாதிப்பேர் ஏமாறும் இடம் இது.

12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் வேறு ஜாதி. நிஜமாகவே 4 டிகிரிக்கு இறங்கும், ஐஸும் போடும். வேண்டிய குளிர் வந்ததும் நின்று நின்று ஓடுவதால் நம் வெயிலிலும் நாளுக்கு அரை யூனிட் போலத்தான் இழுக்கும். ஆனால் அதன் விலையோடு செலவு முடியாது. 100 ஆம்பியர் மணி பேட்டரியில் இருப்பது 1.2 யூனிட். ஈய அமில பேட்டரி என்றால் அதில் பாதிக்கு மேல் தொடக்கூடாது. ஆக, ஒரு நாள்தான். கூரையில் 100 வாட் சோலார் பலகை போட்டால் நல்ல வெயிலில் 0.4 யூனிட் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதுவும் சுருங்கும். வருடம் முழுக்க வண்டியிலேயே வாழ்பவருக்கு இது நியாயமான முதலீடு. மாதத்துக்கு நான்கு நாள் ஊர் சுற்றுபவருக்கு மீன் பெட்டியே போதும்.

அதைவிட மலிவானது, குளிரே தேவைப்படாத சமையல். இந்த விஷயத்தில் கோயில் வேன்களில் வரும் பெண்களிடம் பெரிய பாடத்திட்டமே இருக்கிறது. புளிக்காய்ச்சல் வாரக்கணக்கில் நிற்கும். இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி கிடையாது, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி அடுக்கிவிடுவார்கள். தயிர் சாதம் என்று கட்டுவதில் தயிர் ஒரு கரண்டிதான், மற்றதெல்லாம் காய்ச்சி ஆறவைத்த பால். காலையில் பிசைந்தது பந்தியில் பிரிக்கும்போது சரியான பதத்தில் இருக்கும். பூசணி, சேனை, வாழைக்காய், உருளை, வெங்காயம் எதற்கும் ஐஸ் வேண்டாம். முட்டையை நம் கடைகளே வெளியில்தான் அடுக்கி வைத்திருக்கின்றன. அசைவம் வேண்டுமென்றால் கருவாடு. பாலுக்குப் பதில் அட்டைப்பெட்டிப் பால்: பிரிக்காதவரை மாதக்கணக்கில் தாங்கும், 200 மில்லி பெட்டியாக வாங்கினால் பிரித்ததும் தீர்ந்துவிடும். இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் ஐஸ் பெட்டிக்குள் போக வேண்டியவை தயிர், மாவு, மிச்சக் குழம்பு, அன்றைக்கு வாங்கிய மீன், அவ்வளவுதான். 50 லிட்டர் கேட்டவருக்கு 25 லிட்டரே தாராளம்.

பெட்டியை அடுக்குவதிலும் முறை இருக்கிறது. நொறுக்கிய ஐஸ் சீக்கிரம் குளிர வைக்கும், சீக்கிரம் உருகும். கட்டி ஐஸ் நின்று வேலை செய்யும். குல்பிக்காரர் ஐஸில் கல் உப்புப் போடுவதைப் பார்த்து அதைப் பின்பற்றக் கூடாது. உப்பு கலந்த ஐஸ் மைனஸ் 21 டிகிரி வரைகூட இறங்கும், ஆனால் விறுவிறுவென்று கரைந்தும் போகும். அவருக்குப் பாலை உறைய வைக்க வேண்டும், வேன்காரருக்கு ஐஸ் நாளைக்கும் வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: ஐஸ் கம்பெனிப் பார் ஐஸ் மீனுக்காகச் செய்தது, தின்பதற்கல்ல. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் மகாராஷ்டிராவில் 2018-ல், சாப்பிட உதவாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்கச் சொன்னார்கள். அந்த ஐஸ் உணவைத் தொடக்கூடாது. மூடி இறுகிய டப்பாக்களில்தான் எல்லாம் இருக்க வேண்டும், மீன் எப்போதும் அடித்தட்டில்.

கூட வருபவர்களில் யாராவது இன்சுலின் போடுபவராக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பிரிக்காத மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஐஸோடு ஒட்டி உறைந்துபோனால் அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான். துணியில் சுற்றி டப்பாவில் போட்டு, ஐஸுக்கு எட்டாத மேல்தட்டில் வைப்பது நல்லது. பயன்பாட்டில் இருக்கும் குப்பியைப் பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழே நான்கு வாரம் வைத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன மண்பானை இங்கே கைகொடுக்கும், டேஷ்போர்டு கொடுக்காது.

கடைசியாக, ஐஸ் எங்கே ஏற்றுவது என்ற கேள்வி. பார் ஐஸைக் கேட்டு வாங்க வசதியான இடம், மீன் இறங்கும் கடலோரம். ஆகவே இந்தப் பகுதியில் சுற்றுபவர்கள் பயணத்தைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொடங்குவது உத்தமம். அதிகாலையில் புதுப்பட்டினத்திலோ சதுரங்கப்பட்டினத்திலோ கால் பார் ஐஸை உடைத்து வாங்கிப் பெட்டியில் இறக்கிவிட்டு, திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வழியாகப் படாளம் வந்து வேடந்தாங்கலுக்குத் திரும்பலாம். முழு பார் பெரும்பாலும் 50 கிலோ, அதில் கால் என்றால் 12 கிலோ சொச்சம். இரண்டு அங்குலச் சுவர் இருந்தால் இரண்டு இரவு தாங்கும். மூன்றாம் நாளுக்கு, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்களைக் கழுத்துவரை நிரப்பாமல் முக்கால் அளவு பிடித்து, முதல் நாள் மாலையே நெடுஞ்சாலையில் ஃப்ரீசர் வைத்திருக்கும் ஏதாவது ஒரு கூல்டிரிங்ஸ் கடையில் கொடுத்து வைக்க வேண்டும். நாலு டீயும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் வாங்குபவருக்கு முடியாது என்று சொல்லும் கடைக்காரர் அபூர்வம்.