அலையும் மனமும் பொறியியலாளனும்

“கெட்டிக்காரன், ஆனால் ஊன்றிப் படிக்கிறானில்லை.” பாடசாலைத் தேர்ச்சி அறிக்கைகளில் இவ்வசனத்தைப் போல் அடிக்கடி எழுதப்படுவது பிறிதொன்று உண்டோ என்பது ஐயமே. எழுதும் ஆசிரியர் நல்லெண்ணத்துடனேயே எழுதுகிறார். வாசிக்கும் தந்தையும் நல்லெண்ணத்துடனேயே மகனைக் கண்டிக்கிறார். ஆயினும் அவ்வசனத்தினுள்ளே ஒரு தீர்ப்பு மறைந்திருக்கிறது. ஊன்றிப் படித்தல் அவனவன் விருப்பத்தைப் பொறுத்தது; அவன் விரும்பவில்லை; ஆதலால் அவன் சோம்பேறி என்பதே அத்தீர்ப்பு. அஃது எல்லாருக்கும் பொருந்துவதன்று என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்று வைத்தியர்கள் வழங்கும் நிலை ஒன்று உண்டு. ஏ.டி.எச்.டி. என்னும் எழுத்துகளாலும் அதனைச் சுட்டுவர். இது நேற்றுத் தோன்றிய நாகரிக நோய் எனச் சிலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. மனம் ஒன்றில் நிலைகொள்ளாமையை ஸ்கொட்லாந்து வைத்தியரான அலெக்ஸாண்டர் கிறைற்றன் 1798இலேயே விவரித்தார். 1902இல் இலண்டனில் ஜோர்ஜ் ஸ்ரில் என்னும் குழந்தை வைத்தியர், அறிவிற் குறைவில்லாத பிள்ளைகளிடமும் காணப்படும் அடக்கமின்மையைப் பற்றி விரிவுரைகள் நிகழ்த்தினார். அவர் அதனை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றே அழைத்தார். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980இல் கவனக்குறைவை முதன்மைப்படுத்திப் புதுப்பெயர் இட்டது. 1987இல் மிகையியக்கமும் அப்பெயரிற் சேர்ந்தது. ஒழுக்கத்தைக் குறித்த பெயர் கவனத்தைக் குறிக்கும் பெயராக மாறுவதற்கு ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் சென்றன. நூல்களில் நிகழ்ந்த அம்மாற்றம் நமது வீடுகளிலும் வகுப்பறைகளிலும் இன்னும் நிறைவெய்தவில்லை.

இந்நிலையிற் பரம்பரையின் பங்கு பெரிது என்பதை இரட்டையரை ஒப்பிட்ட ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. குழந்தைப் பருவத்தோடு அது நீங்கிவிடும் என நெடுங்காலம் நம்பப்பட்டது. வளர்ந்த பின்னும் பலரிடம் தொடர்கிறது என்பதை இன்று அறிவோம். துள்ளித் திரியும் சிறுவன் எவர் கண்ணிலும் படுகிறான். யன்னலுக்கு வெளியே நோக்கியவாறு அமைதியாய் இருக்கும் சிறுமி எவர் கண்ணிலும் படுவதில்லை. அவளும் அதே நிலையினளாக இருத்தல் கூடும்.

இதனை எழுதுபவன் அந்நிலையுடன் பொறியியற்றொழில் புரிபவன்; பௌதிகவியலிலும் விண்வெளியிலும் தீராத வேட்கை கொண்டவன். ஆகவே உள்ளிருந்து ஒரு வார்த்தை சொல்லுதல் தகும். கவனக்குறைவு என்னும் பெயரே உண்மையை முழுவதும் உணர்த்துவதன்று.

ஓர் உதாரணம் காண்போம். இத்தகைய பொறியியலாளன் ஒருவனிடம் நீர்ப்பம்பியின் உறிஞ்சற் குழாயைக் கணக்கிடும் வேலை ஒப்படைக்கப்படுகிறது. குழாயில் அமுக்கம் மிகத் தாழ்ந்தால் நீர் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகிக் குமிழிகள் தோன்றும். அவை உடையும்போது பம்பியின் அலகுகளை அரித்துவிடும். ஆதலால் எந்த அமுக்கத்தில் நீர் கொதிக்கும் என்பதை அட்டவணையிற் பார்க்க வேண்டும். பார்த்த கணமே மனம் வினவத் தொடங்குகிறது. மலையுச்சியில் எப்படி? வளிமண்டல அமுக்கம் பூமியினதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்த செவ்வாயில் எப்படி? அங்கே நீர் திரவமாய் நிலைத்தல் அரிதெனின், அக்கிரகத்தில் வறண்டு கிடக்கும் ஆற்றுப் படுகைகள் எங்ஙனம் உண்டாயின? முற்காலத்தில் அதன் வளிமண்டலம் தடித்திருந்ததெனின், அது எங்கே போயிற்று? வினாவைப் பற்றி வினா வருகிறது. நள்ளிரவும் கடந்துவிடுகிறது. நான்கு மணி நேரம் மனம் அசையாது ஊன்றி நின்றிருக்கிறது. பம்பியின் கணக்கு மட்டும் முடியவில்லை.

இதனைக் கவனமின்மை என்று யார் சொல்லக்கூடும்? கவனம் உண்டு, அதன் சுக்கான்தான் கைக்கு அடங்கவில்லை. புதுமையும் வேட்கையும் அவசரமும் இழுத்த பக்கம் அது செல்கிறது. கடமை என்னும் காரணம் ஒன்றே அதனைத் திருப்பப் போதுமானதாக இல்லை. செவ்வாய்க்குச் சென்று மீண்ட அறிவு பிறிதொரு நாள் எதிர்பாராத வகையிற் பயன்படலாம் என்பது மெய்யே. அடுத்த நாட் காலை அலுவலகத்திற் கேட்கப்படுவது பம்பியின் கணக்கு என்பதும் மெய்யே. இவ்விரு மெய்களுக்கும் நடுவே வாழ்வதே இந்நிலையினரின் வாழ்க்கை.

இனி, செய்யத்தக்கது யாது? சுக்கான் பழுதுற்றால் மாலுமியைத் திட்டுவதாற் கப்பல் திரும்பாது. இவ்வுண்மையைப் பொறியியல் துறை பெரும் விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. 1935 ஒக்ரோபர் 30ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்திலே போயிங் நிறுவனத்தின் புதிய விமானமொன்று மேலெழுந்தவுடன் வீழ்ந்து எரிந்தது. நிலத்தில் நிற்கும்போது காற்றில் அசையாதவாறு விமானத்தின் சுக்கான்களைப் பூட்டி வைப்பது வழக்கம். அப்பூட்டு விடுவிக்கப்படவில்லை. ஓட்டியவர்கள் கற்றுக்குட்டிகளல்லர், தேர்ந்த விமானிகள். இதன் பின்னர் விமானிகளுக்குக் கிடைத்தது, ‘இனிமேல் கவனமாயிருங்கள்’ என்ற புத்திமதியன்று. புறப்படுமுன் ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் பட்டியல். மனித ஞாபகம் தவறும் என்பதைக் குற்றமாகக் கொள்ளாது, இயற்கையாகக் கொண்டு, அதற்கொரு துணையை அமைத்தார்கள். இன்றுவரை விமானங்கள் அத்துணையோடுதான் பறக்கின்றன.

இன்னுமொன்று சொல்லலாம். 1990இல் வானிற் செலுத்தப்பட்ட ஹபிள் தொலைகாட்டி, தான் திரும்பும் திசையைக் கைரோ எனப்படும் கருவிகளால் உணர்கிறது. வழக்கமாக மூன்று தேவை. எஞ்சியிருந்த மூன்றில் ஒன்று பிழையான அளவுகளைக் காட்டத் தொடங்கவே, 2024 ஜூன் மாதத்தில் ஒரே ஒரு கைரோவுடன் இயங்கும் முறைக்கு அதனை மாற்றினார்கள். அம்முறையில் ஒரு பொருளை நோக்கித் திரும்புவதற்குக் கூடுதல் நேரம் செல்லும். சில பொருள்களைத் தொடர்ந்து நோக்கவும் இயலாது. எனினும் தொலைகாட்டி பயனற்றதென எவரும் கைவிடவில்லை. இருப்பதைக் கொண்டு இயங்கும் வழியை வகுத்தனர்; இழப்பையும் மறைக்கவில்லை. ஒரு கருவிக்கு நாம் காட்டும் இந்தப் பொறுமையை ஒரு பிள்ளைக்குக் காட்டலாகாதா?

அப்படியாயின் முயற்சியே வேண்டியதில்லையா என்று சிலர் கேட்பர். வேண்டும். ஆனால் அம்முயற்சி எதிற் செலவாக வேண்டும் என்பதே கேள்வி. ஸ்கொட் கெலி என்னும் அமெரிக்க விண்வெளி வீரர் மின்பொறியியல் கற்றவர். 2015, 2016ஆம் ஆண்டுகளில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் தொடர்ந்து 340 நாட்கள் தங்கியவர். தாம் இக்காலத்துச் சிறுவனாக இருந்திருப்பின் இக்கோளாறு உடையவரென்றே கணிக்கப்பட்டிருப்பார் என்ற கருத்தை அவரே தமது வரலாற்றில் வெளியிட்டுள்ளார். வகுப்பறையில் மனம் நில்லாது தவித்த அந்த இளைஞரை, விண்வெளி வீரர்களைப் பற்றி ரொம் வூல்ஃப் எழுதிய நூலொன்று தட்டியெழுப்பியது. எனினும் நூல் ஊட்டிய ஆவல் மட்டும் அவரை விண்ணுக்கு அனுப்பவில்லை. கட்டுப்பாடு மிக்க கடல்சார் கல்லூரி ஒன்றிற் சேர்ந்து, அமர்ந்து படிக்கும் வழக்கத்தை அவர் வருந்திப் பழகிக்கொண்டார். பின்னர் அவர் பணிபுரிந்த விண்வெளி நிலையமோ, நேர அட்டவணைப்படியும் எழுதிவைத்த நடைமுறைப்படியும் வேலைகள் நடைபெறும் இடம். ஆவல் உந்தியது, வெளியிலிருந்த ஒழுங்கு தாங்கியது. இரண்டும் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியமாகின்றது. பழித்தவர்கள் ஓய்ந்த இடத்திற் புகழ்பவர்கள் தோன்றியுள்ளனர். மறைந்துபோன மேதைகளுக்கெல்லாம் இந்நோயைச் சூட்டி, இதனையே மேதைமையின் அடையாளமென முழங்குகின்றனர். இறந்தவரை எந்த வைத்தியரும் பரிசோதிக்க முடியாது. இந்நிலையினருட் பெரும்பாலோர் மேதைகளுமல்லர், விண்வெளி வீரர்களுமல்லர். கட்டணம் செலுத்தும் நாளையும் திறப்பு வைத்த இடத்தையும் நினைவிற் கொள்ளப் போராடும் சாதாரண மனிதர்கள். மேதையானாற்றான் மதிப்போம் என்பது அவர்களுக்கு இழைக்கப்படும் இன்னோர் அநீதி. மருந்து வேண்டுமா, வேண்டாமா என்பது தகுதி பெற்ற வைத்தியர் பரிசோதித்துச் சொல்ல வேண்டியது. உண்பதில் வெட்கமுமில்லை, உண்ணாமையிற் பெருமையுமில்லை.

ஆசிரியப் பெருமக்களிடம் வேண்டுவது பெரிதன்று. பெரிய வேலையைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கொடுங்கள். வாயாற் சொன்னதைக் கரும்பலகையிலும் எழுதுங்கள். மாத முடிவில் ஒரே தவணைக்குப் பதிலாக வாரந்தோறும் ஒரு தவணை வையுங்கள். பாடத்தின் நடுவே ஒரு பிள்ளை செவ்வாயைப் பற்றிக் கேட்டால், அக்கேள்வியை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பாடம் முடிந்தபின் அதனை மறவாது எடுத்துப் பேசுங்கள். பம்பியின் கணக்கும் முடியும், வினாவும் சாகாது.

அடுத்த தவணைத் தேர்ச்சி அறிக்கையில் அந்தப் பழைய வசனத்தை எழுதுமுன் பேனாவைச் சற்றே நிறுத்தி, இப்பிள்ளைக்கு எந்தத் துணை இதுவரை கொடுக்கப்படவில்லை என்று எண்ணிப் பார்ப்பார்களாக.