தவணையை மாற்ற இவர்கள் யார்?

இருவர் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கையை, அவ்விருவருள் ஒருவர் மட்டும் தமக்கு வேண்டியபோது வேண்டியவாறு திருத்திக்கொள்ளலாம் என்றால், மற்றவர் இட்ட கையொப்பத்துக்கு மதிப்பு என்ன? நாம் இதனைக் கேட்பது காணி வழக்கொன்றைப் பற்றியன்று. அமெரிக்காவின் மாபெரும் கைத்தொலைபேசிக் கொம்பனிகளுள் ஒன்றான வெரைசன், 2013ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் விடுத்த ஓர் அறிவித்தலைப் பற்றியே கேட்கிறோம். கடல் கடந்த பழங்கதை எமக்கு எதற்கு என்று வாசகர் எண்ணலாம். ரொறன்ரோவிலும் நியூ யோர்க்கிலும் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோருக்கு இஃது அந்நியச் சங்கதியன்று. உறவினரின் பயணப்பெட்டியில் வந்திறங்கிய கைத்தொலைபேசி, யாழ்ப்பாணத்துச் சிம்மைப் போட்டதும் வாய் திறவாமற் கிடந்ததை எம்முட் பலர் கண்டிருக்கிறோம். அந்தப் பூட்டும் நாம் சொல்லப்போகும் அறிவித்தலும் ஒரே பட்டறையில் அடித்தவை.

அந்நாளில் அமெரிக்காவில் வியாபாரம் நடந்த விதம் இது. 649 டொலர் விலையுள்ள ஐபோனை வாடிக்கையாளர் 199 டொலருக்கு வாங்குவார்; அதற்கு ஈடாக இரண்டு ஆண்டுகள் அதே கொம்பனியிடம் சேவை பெறுவதாகக் கையொப்பமிடுவார். எஞ்சிய 450 டொலரைக் கொம்பனி தானமாகக் கொடுத்ததா? இல்லை. மாதாந்தக் கட்டணத்துக்குள் அதனை ஒளித்துவைத்து வட்டமாக அறவிட்டது. அறவிட்டு முடிந்தபின் கட்டணம் குறைந்ததா என்றால், அதுவும் இல்லை. புதிய கருவி வாங்காமல் பழையதையே வைத்திருந்தவரும் அதே தொகையைத்தான் கட்டினார். ஆகவே அவருக்கு இருந்த ஒரே மீட்சி, தவணை வந்ததும் அடுத்த கருவியை அதே சலுகை விலைக்குப் பெற்றுக்கொள்வது. அந்தத் தவணை இருபது மாதமாக இருந்தது.

இருபதை இருபத்துநான்காக்கியதே அந்த அறிவித்தல். 2014 ஜனவரியிலும் அதற்குப் பின்னும் முடிவடையும் ஒப்பந்தங்களுக்கெல்லாம் இது பொருந்தும் என்றார்கள். திகதியைக் கவனியுங்கள். 2014 ஜனவரியில் முடியும் ஒப்பந்தம் 2012 ஜனவரியில் கையொப்பமானது. அப்படியானால் அந்த வாடிக்கையாளர் பதினைந்து மாதக் கட்டணத்தைக் கட்டிமுடித்து, 2013 செப்டெம்பரில் தவணை வரும் என்று காத்திருக்கும் வேளையில், எல்லைக்கல்லைப் பிடுங்கி நான்கு மாதத்துக்கு அப்பால் நட்டிருக்கிறார்கள்! வருங்காலத்துக்கு விதி செய்ய வியாபாரிக்கு உரிமை உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒப்பந்தத்தின் நடுவே புகுந்து செய்ததையே கண்டிக்கிறோம்.

கொம்பனி சொன்ன நியாயம், சலுகைத் தவணையை ஒப்பந்த முடிவுத் திகதியோடு பொருத்துகிறோம் என்பது. ஒப்பந்தம் இருபத்துநான்கு மாதத்துக்கே எழுதப்பட்டது, இருபதாம் மாதத்தில் கொடுத்தது தயவு என்று அவர்களுக்காக வாதாட வருவோரும் உளர். சட்டம் கற்ற எமக்கு அவ்வாதத்தின் பலம் தெரியாததன்று. ஆனால் விலையைக் கணிக்கும்போது கணக்கிலே கிடந்த ஒன்றைத் தயவு என்று எப்படிச் சொல்வது? 450 டொலரை இருபது மாதத்தில் அறவிடும் கணக்கென்றே வாதத்துக்காக வைத்துக்கொள்வோம். மாதம் இருபத்திரண்டரை டொலர். மேலும் நான்கு மாதம் என்றால் தலைக்குத் தொண்ணூறு டொலர். இந்தத் தொண்ணூறுக்கு வாடிக்கையாளர் பெற்ற பதில் நன்மை என்ன?

எமது கமக்காரருக்கு இது விளங்கும். காணியை ஒற்றி வைத்தவன் உரிய காலத்திற் பணத்துடன் வரும்போது, ஒற்றி பிடித்தவன் இன்னும் ஒரு போகம் நானே விதைத்து எடுக்கிறேன் என்று தன்பாட்டில் அறிவித்தால் ஊர் சும்மா இருக்குமா? 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையே, ஒற்றி மீட்கும் காலத்தைப் பிடித்தவனின் வாய்க்கு விடாமல் பயிரையும் பருவத்தையும் பார்த்து வகுத்திருந்தது.

நிற்க. வாடிக்கையாளர் ஒரு நாளேனும் ஒப்பந்தத்தை மாற்ற முடிந்ததா? 2009 நவம்பர் முதல் அதே வெரைசன், ஒப்பந்தத்தை இடையில் முறிப்போர் மீது 350 டொலர் தண்டம் விதித்தது. மாதத்துக்குப் பத்து டொலர் குறையுமாம். இருபத்துமூன்று மாதம் ஒழுங்காகக் கட்டியவரும் வெளியேறுவதற்கு 120 டொலர் கொடுக்கவேண்டும்! அவர்கள் நான்கு மாதத்தை நகர்த்த ஓர் அறிவித்தல் போதும்.

இரண்டாண்டுக்கு ஒருமுறை கருவிக்குத் தள்ளுபடி வழங்கிய திட்டத்தை 2011 ஜனவரியில், ஐபோனை விற்கப்போவதாக அறிவித்த சில நாட்களுக்குள், புதியவர்களுக்கு நிறுத்தினார்கள். 2012 ஏப்பிரலில், கருவி மாற்றுவதற்கே முப்பது டொலர் கட்டணம் என்றார்கள். போட்டி இருக்கும் சந்தையில் மற்றவர் சும்மா விடுவாரா என்பார் பொருளியல் பண்டிதர். மற்றவரான ஏ.ரி. அன்ட் ரி. இரண்டு மாதத்துக்குள், 2013 ஜூனில், அதே இருபத்துநான்கைத் தானும் எடுத்துக்கொண்டது! ரி-மொபைல் மட்டும் அவ்வாண்டு மார்ச்சில் கருவி விலையையும் சேவைக் கட்டணத்தையும் வேறு வேறாக எழுதிக் காட்டியது. 2015இலும் 2016இலும் மற்ற இருவரும் பழைய இரண்டாண்டு முறையைக் கைவிட்டார்கள். விடுதலை வந்தது என்று எண்ணியவர்களுக்கு, பின்னர் முப்பத்தாறு மாதத் தவணை வந்து வாய்த்தது. கழிவு மாதாமாதம் சிறுகச் சிறுக வரும். இடையில் விலகினால் மிச்சக் கழிவு போகும். கருவியின் நிலுவையோ முழுவதும் கழுத்தைப் பிடிக்கும்.

நீதிமன்றம் போகலாமே என்பீர்கள். போனவர் கதையைக் கேளுங்கள். இலவசம் என்று விளம்பரமான கைத்தொலைபேசிக்கு 30 டொலர் 22 சதம் விற்பனை வரி அறவிட்டார்கள் என்று கலிபோர்னியாவில் 2006 மார்ச்சில் ஒரு தம்பதியர் வழக்கிட்டனர். பலர் கூடி ஒரே வழக்காட முடியாது, தனித்தனியே நடுத்தீர்ப்புக்கே வரவேண்டும் என்றது ஒப்பந்தம். அந்த நடுத்தீர்ப்பு வாசகத்தையே கொம்பனி தானாகப் பலமுறை திருத்தியிருந்தது. நீதிமன்றம் எடுத்துப் பார்த்த வாசகம் வழக்கு வைத்த பின், 2006 டிசம்பரில், திருத்தப்பட்டது! 2011 ஏப்பிரல் 27இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் கொம்பனியின் பக்கம் தீர்த்தது. முப்பது டொலர் வழக்குக்கு எந்த வழக்கறிஞர் வருவார் என்று மாறுபட்ட தீர்ப்பிலே நீதியரசர் பிறையர் கேட்டார். அக்கேள்விக்கு எமது தொழிலைச் சேர்ந்தவர்கள் நெஞ்சறியப் பதில் சொல்லட்டும்.

வழியே இல்லையா? அயல்நாடாகிய கனடாவைப் பாருங்கள். அங்கே தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 2013 ஜூனில் ஒரு கோவை வெளியிட்டது. டிசம்பர் 2இல் அது நடைமுறைக்கு வந்தது. மாதாந்தக் கட்டண ஒப்பந்தத்தின் முக்கிய நிபந்தனைகளை வாடிக்கையாளரின் சம்மதமின்றி அவருக்குப் பாதகமாக மாற்றலாகாது. இருபத்துநான்கு மாதம் கடந்தவரிடம் முறிப்புத் தண்டம் கேட்கலாகாது. 2017 டிசம்பர் முதல் விற்கும் கருவியிற் பூட்டே இருக்கலாகாது. 2019இல் கொம்பனிகள் முப்பத்தாறு மாதத் தவணையைக் கொண்டுவந்தபோது, ஆணைக்குழு அதனை நிறுத்திவைத்து ஆராய்ந்து, அத்தகைய திட்டங்களுக்கும் கோவை பொருந்தும் என்று 2021 மார்ச்சில் தீர்மானித்தது. கொம்பனிகள் திவாலாகிக் கடை பூட்டவில்லை. ரொறன்ரோவிலிருந்து வரும் கருவி இன்று யாழ்ப்பாணத்திற் பேசுகிறதென்றால், அதற்குக் காரணம் வியாபாரியின் மனமாற்றமன்று.

எமது நாட்டிலும் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகளைப் பற்றிய 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டம் ஏட்டில் இருக்கிறது. உழவு இயந்திரத்தை லீசிங்கில் எடுத்த கமக்காரரும், வங்கி அட்டையில் தவணைக்குப் பொருள் வாங்கிய உத்தியோகத்தரும் தாம் கையொப்பமிட்ட தாளை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும். முன்னறிவித்தலின்றி நிபந்தனைகளை மாற்றும் உரிமை கொம்பனிக்கு உண்டு என்ற வரி எங்கோ ஒரு மூலையிற் சிற்றெழுத்தில் இருக்கிறதா என்று தேடட்டும். அடுத்த முறை அவ்வரியை மையாற் கீறிவிட்டு, பக்கத்திற் கையொப்பமிட்டுக் கொடுங்கள். ஏற்க மறுத்தால், மறுப்பை எழுத்திற் கேட்டு வாங்கித் தாளின் பிரதியோடு எமக்கு அனுப்புங்கள். பத்துத் தாள் சேர்ந்தால் நாம் வழக்கேட்டைத் திறப்போம்.