டிக்கியில் யாருக்கு இடம்?

டிக்கி என்ற சொல்லுக்கு ஒரு முற்பிறவி உண்டு. குதிரை பூட்டிய கோச்சு வண்டிகளிலும், பின்னர் வந்த இருவர் அமரும் மோட்டார்களிலும், முதுகுப்புறத்தில் கூரையில்லாத கூடுதல் இருக்கை ஒன்று இருந்தது. வேலையாட்களும், உள்ளே இடம் கிடைக்காதவர்களும் வெயிலையும் புழுதியையும் வாங்கிக்கொண்டு அதில் அமர்ந்து வருவர். ஆங்கிலத்தில் அந்த இருக்கைக்குத்தான் டிக்கி என்று பெயர். காலப்போக்கில் இருக்கை மறைந்து அவ்விடத்தில் பெட்டிகள் ஏறின; பெயர் மட்டும் இந்தியாவில் தங்கிவிட்டது.

இன்று கதை தலைகீழாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. ஏழு பேர் அமரலாம் என்று சொல்லி விற்கப்படும் சிறிய கார்களில், மூன்றாம் வரிசை இருக்கை பெட்டிகளின் இடத்தைப் பறித்துக்கொள்கிறது. மனிதர்களை அள்ளிக்கொண்டு போகலாம். அவர்களுடைய துணிமணிகளை எங்கே வைப்பது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. குடும்பத்துக்கென்று கார் வாங்குவோர் முதலில் திறந்து பார்க்க வேண்டியது டிக்கியைத்தான் என்பது நம் கட்சி. முன்முகத்தின் அழகும், தொடுதிரையின் அகலமும், கூரையில் திறக்கும் கண்ணாடியும் அதற்குப் பிறகு வரலாம்.

நம்முடைய பயணங்களின் இயல்பு அப்படி. ஊருக்குப் புறப்படும் குடும்பம் இரண்டு பெட்டிகளோடு கிளம்பி ஐந்து மூட்டைகளோடு திரும்புகிறது. இருபத்தைந்து கிலோ அரிசி, தேங்காய், செக்கில் ஆட்டிய எண்ணெய், வடகம், மாங்காய்க் காலமென்றால் ஒரு கூடை மாங்காய். ‘வேண்டாம்’ என்று சொல்லி அத்தையின் மனத்தை நோகடிக்க எவருக்கும் துணிவு வராது. இவற்றைவிட முக்கியமான ஒன்று உண்டு. வீட்டில் முதியவர் இருந்தால் அவருடைய நடைச்சட்டமோ சக்கர நாற்காலியோ உடன் வந்தாக வேண்டும். மடித்து வைத்தாலும் சக்கர நாற்காலி ஏறத்தாழ இருநூறு லிட்டர் இடத்தைக் கேட்கும். அதற்கு இடமில்லாத காரில் அந்த நாற்காலி மட்டும் வீட்டில் தங்குவதில்லை. அதில் அமர வேண்டியவரும் தங்கிவிடுகிறார். ‘பாட்டியால் இவ்வளவு தூரம் வர முடியாது’ என்று நாம் சொல்லிக்கொள்ளும் சமாதானங்களில் சில, உண்மையில் டிக்கியின் கொள்ளளவைப் பற்றியவை.

டிக்கி ஏன் இப்படிக் குறுகியது? இதற்கு ஒரு நாளைக் குறித்துச் சொல்லலாம். 2006 பிப்ரவரி இறுதியில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கை, சிறிய கார்களின் உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தது. சிறிய கார் எது என்பதற்கு வரையறையும் சொன்னது: நீளம் 4000 மி.மீ.க்கு மிகக் கூடாது. எஞ்சின் பெட்ரோலானால் 1200 சி.சி.க்குள், டீசலானால் 1500 சி.சி.க்குள் இருக்க வேண்டும். நோக்கம் நல்லதே. ஆனால் வரி விதிக்கும் கை எங்கே கோடு கிழிக்கிறதோ, வடிவமைப்பாளரின் கத்தரிக்கோலும் அங்கேதான் போய் நிற்கும்.

மாருதியின் ஸ்விஃப்ட் டிசையர் இதற்குக் கச்சிதமான சான்று. 2008இல் அது முதலில் வந்தபோது நீளம் 4160 மி.மீ., டிக்கி 440 லிட்டர். 2012இல் வந்த இரண்டாம் தலைமுறை வண்டி 3995 மி.மீ.க்குச் சுருங்கியது, டிக்கி 316 லிட்டராயிற்று. நீளத்தில் 165 மி.மீ. குறைந்ததற்கு விலையாக 124 லிட்டர் போனது. அதாவது ஒரு பெரிய சூட்கேசும் ஒரு தோள்பையும் கொள்ளுகிற இடம். எஞ்சினைப் பாதியாக வெட்ட முடியாது. ஓட்டுநரின் காலையும் வெட்ட முடியாது. வெட்டுவதற்கு வசதியாக இருந்தது வால்தான். பின்னர் வடிவமைப்பைத் திருத்தி 2017இல் 378 லிட்டரும், 2024இல் 382 லிட்டரும் ஆக்கினார்கள். ஆனாலும் 2008இன் 440 இன்னும் எட்டப்படவில்லை.

அந்த நான்கு மீட்டர் கோடு இன்றும் அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. மாற்றத்தில் கோட்டுக்கு உட்பட்ட பெட்ரோல், டீசல் கார்களுக்கு 18 சதவீதம்; கோட்டைத் தாண்டியவற்றுக்கு 40 சதவீதம். இருபத்திரண்டு சதவீதப் புள்ளி வேறுபாடு இருக்கையில் எந்த நிறுவனம் வாலை நீட்டும்? மின்சாரக் கார்களுக்கோ நீளம் எதுவானாலும் 5 சதவீதம்தான். நீளத்தை அளந்து வரி போடுவதில் இயற்கை நியதி ஏதும் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. எரிபொருளைச் சேமிப்பது நோக்கமானால் எரிபொருளை அளக்கலாம். புகையைக் குறைப்பது நோக்கமானால் புகையை அளக்கலாம். நாடா பிடித்து வாலை அளந்ததில் நட்டப்பட்டது குடும்பங்களின் மூட்டை முடிச்சு.

ஆகவே விளம்பரத்தாளில் அச்சிட்டிருக்கும் லிட்டர் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. ஜெர்மானிய மோட்டார் தொழிற்சங்கம் வகுத்த முறையில் 200 × 100 × 50 மி.மீ. அளவுள்ள கட்டைகளை டிக்கிக்குள் அடுக்கி எண்ணுவார்கள். ஒரு கட்டை ஒரு லிட்டர். கட்டை நுழையாத மூலை கணக்கில் வராது என்பதால் இது ஓரளவு நேர்மையான அளவை. நீர் ஊற்றி அளந்ததுபோல் மூலைமுடுக்கெல்லாம் சேர்த்தால் எண் பெருத்துத் தெரியும். பின்னிருக்கையின் முதுகு உயரம் வரை அளந்ததா, கூரை வரை அளந்ததா என்பதும் முக்கியம். ஒரே வண்டிக்கு இரண்டு எண்கள் சொல்லப்பட்டால் சிறியதை நம்புவதே உத்தமம்.

எண் சரியாக இருந்தாலும் வாய் சிறுத்திருந்தால் பயனில்லை. செடான் வகையில் டிக்கி ஆழமாக இருக்கும். திறப்பு குறுகலாக இருக்கும். மூடியைத் தாங்கும் வளைந்த கம்பிகள் இறங்கும்போது பெட்டியின் தலையில் இடிக்கும். பல சிறிய செடான்களில் பின்னிருக்கை மடங்காது. எனவே நீளமான பொருள் எதையும் ஏற்ற வழியில்லை. உதிரிச் சக்கரம் டிக்கியின் தளத்துக்கடியில் இருந்தால், நடுவழியில் பஞ்சர் ஆகும்போது அத்தனை மூட்டைகளையும் சாலையோரத்தில் இறக்கி வைத்துவிட்டுத்தான் சக்கரத்தை எடுக்க வேண்டும். இவையெல்லாம் லிட்டர் கணக்கில் வராத செய்திகள்.

இப்போது தலைக்கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னையை அடுத்த ஒரகடத்தில் தயாராகும் ரெனோ டிரைபர் நான்கு மீட்டருக்குள் ஏழு பேரை அமர்த்துகிறது, சாமர்த்தியமான வண்டிதான். ஏழு இருக்கைகளும் போட்டிருக்கையில் டிக்கி 84 லிட்டர். தலைக்குப் பன்னிரண்டு லிட்டர்; ஒரு பள்ளிப் பிள்ளையின் புத்தகப்பை அதைவிடப் பெரிது. மாருதி எர்டிகாவில் ஏழு பேர் அமர்ந்தால் 209 லிட்டர்; தலைக்கு முப்பதை எட்டாது. புதிய டிசையரில் ஐந்து பேருக்கு 382, தலைக்கு எழுபத்தாறு. ஏழு பேர் காலையில் போய் மாலையில் திரும்பும் கோயில் பயணத்துக்கு முதல் இரண்டும் போதும். ஓர் இரவு தங்க நேர்ந்தால் மாற்றுத்துணி மடியில்தான் வர வேண்டும்.

எரிவாயு வண்டியில் இந்தக் கணக்கு மேலும் இளைக்கும். சி.என்.ஜி. உருளை டிக்கியை அடைத்துக்கொண்டு கிடப்பதை வாடகைக் கார்களில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2023இல் டாடா நிறுவனம் ஒரு பெரிய உருளைக்குப் பதிலாக இரண்டு சிறிய உருளைகளைத் தளத்துக்கடியில் பதிக்கும் முறையைக் கொண்டுவந்தது, வரவேற்கத் தக்கதுதான். அப்போதும் ஆல்ட்ராஸ் காரின் 345 லிட்டர் 210ஆகக் குறைந்தது. எரிபொருளில் மிச்சமாகும் பணத்தை இழந்த இடத்தோடு சேர்த்தே நிறுத்துப் பார்க்க வேண்டும்.

டிக்கியில் இடமில்லாத சுமை எங்கே போகும் என்பது வசதியை மட்டும் தொட்ட கேள்வி அன்று. அது காலடியிலும் மடியிலும் பின் கண்ணாடிக்குக் கீழுள்ள பலகையிலும் ஏறிக்கொள்ளும். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி மோதிப் பத்தில் ஒரு நொடியில் நின்றால், உள்ளிருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு விசையோடு முன்னே பாயும். பத்துக் கிலோ பை அந்தக் கணத்தில் இருநூறு கிலோ. அது பாய்கிற திசையில் இருப்பது குழந்தையின் பின்னந்தலை. மூன்றாம் வரிசையை மடித்துச் சுமை ஏற்றும் வண்டிகளிலும் இதே எச்சரிக்கை பொருந்தும்: கனமானவை அடியில், இருக்கையின் முதுகோடு ஒட்டி இருக்க வேண்டும், இருக்கையின் உயரத்துக்கு மேல் எதையும் அடுக்கக் கூடாது. கூரைமேல் கேரியர் போடலாமே என்பார்கள். வண்டியின் எடைமையம் உயரும், திருப்பத்தில் தள்ளாடும், காற்றை எதிர்த்துக் கூடுதல் எரிபொருளும் கரையும்.

‘அடிக்கடி உறவினர் வருகிறார்கள், ஏழு இருக்கை வேண்டாமா?’ என்ற கேள்வி நியாயமானது. ஏழு பேர் ஒன்றாகப் புறப்படும் நாள்கள் ஆண்டில் எத்தனை என்று வீட்டு நாட்காட்டியை வைத்து எண்ணினால், பெரும்பாலான குடும்பங்களில் விரல்களுக்குள் அடங்கிவிடும். அந்த நாள்களுக்கு வேன் வாடகைக்கு அமர்த்துவது மலிவு. மறுபக்கம், ‘டிக்கியும்தான் ஆண்டில் பாதி நாள் காலியாகக் கிடக்கிறது’ என்று வாதிடலாம். கிடக்கட்டும். காலி டிக்கியால் எவருக்கும் இன்னலில்லை. நிறைந்த டிக்கி தேவைப்படும் நாளில் அது இல்லாமற்போனால், வீட்டிலிருந்து ஒருவரோ ஒரு பொருளோ கழிக்கப்பட வேண்டியிருக்கிறது.

எனில் எதை வாங்குவது? நால்வர் அல்லது ஐவர் கொண்ட குடும்பத்துக்கு இரண்டு வழிகள் தெரிகின்றன. சுமை பெரும்பாலும் பெட்டிகளும் பைகளுமாக இருந்தால், நான்கு மீட்டருக்குள்ளேயே நானூறு லிட்டரைத் தாண்டிய செடான்கள் உள்ளன: ஹோண்டா அமேஸ் 416, டாடா டிகோர் 419, ஹூண்டாய் ஆரா 402. சுமை மூடியிருக்கும், தலைக்கு மேல் பறந்து வராது. சக்கர நாற்காலியோ உயரமான பொருள்களோ உண்டென்றால் ஏழு இருக்கை வண்டியை வாங்கி ஐந்து இருக்கை வண்டியாக ஓட்டலாம். டிரைபரின் மூன்றாம் வரிசையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டால் 625 லிட்டர் திறந்துகொள்கிறது. எர்டிகாவின் மூன்றாம் வரிசையை மடித்தால் 550. நான்கு மீட்டர் கோட்டைத் தாண்டிய வண்டியாதலால் வரி கூடும். இருக்கையை ஆசையாகவும் டிக்கியைத் தேவையாகவும் கருதினால் இந்தத் தெரிவில் குழப்பமில்லை.

இடம் இருப்பதாலேயே எடையையும் ஏற்றிவிடக் கூடாது. ஒவ்வொரு வண்டிக்கும் தாங்கும் எடை இவ்வளவு என்று உண்டு, கையேட்டில் போட்டிருக்கும். ஐந்து பெரியவர்களே முந்நூறு கிலோவைத் தாண்டுவார்கள். நிறைசுமைக்குரிய டயர் காற்றழுத்தம் ஓட்டுநர் கதவருகே ஒட்டியுள்ள தாளில் தனியாகக் குறித்திருக்கும். ஊருக்குக் கிளம்பும் நாளில் அந்த அளவுக்குக் காற்று பிடித்துக்கொள்வது அவசியம்.

வெள்ளோட்டம் பார்க்கப் போகையில் வெறுங்கையோடு போக வேண்டாம். வீட்டிலிருக்கும் மிகப்பெரிய பெட்டியையும், சக்கர நாற்காலி இருந்தால் அதையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகலாம். விற்பனையாளர் சிரிப்பார், சிரிக்கட்டும். டிக்கியைத் திறக்கச் சொல்லி, எல்லாவற்றையும் ஏற்றி, மூடியை மூடிப் பார்க்க வேண்டும். மூடாவிட்டால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நடக்கலாம்.