94 நாள் எப்படி 4 மாதம் ஆனது?



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டுக் கடன் வைத்திருக்கிறவர்கள் மட்டுமாவது கடைசி வரை படித்துவிடுங்கள். மற்றவர்கள் பாதியில் எழுந்து போனால் கோபப்பட மாட்டேன். வகுப்பிலேயே பாதிப் பேர் ஜன்னலைத்தானே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

போன வாரம் மார்த்தாண்டம் பக்கத்தில் இருந்து பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். தங்கச்சி கல்யாணக் கடனை அடைக்க வீட்டை விற்றுவிட்டானாம். வங்கிக் கடனையும் முடித்துவிட்டான். 2024 தீபாவளி கழிந்து கடன் வாங்கும்போதே வீட்டுக்கு ஐந்து வருடக் காப்பீடு என்று 15,000 ரூபாயை ஒரே பிரீமியமாகப் பிடித்திருக்கிறார்கள். இப்போது நடப்பது இரண்டாவது வருடம். வீடே கைவிட்டுப் போன பிறகு பாலிசி எதற்கு, மிச்சப் பணத்தைத் தாருங்கள் என்று கேட்கப் போயிருக்கிறான். "சாரே, கேன்சல் பண்ணினா சார்ஜ் பிடிச்சது போக ஒண்ணும் கிட்டாதுன்னு சொல்லுதாவ. விட்டுரட்டா?" என்று கேட்டான்.

விடாதே மக்கா என்றேன். அப்படி நான் ஒரு தடவை விட்டவன் என்பதால் சொன்னேன்.

2023-ல் நடந்தது. வங்கியில் இருந்த ஒருவர் சொல்லி என் வீட்டுக்கு ஒரு வருடப் பாலிசி எடுத்தேன். பெங்களூரில் இருக்கிற மகன் அதே வீட்டுக்கு ஏற்கெனவே ஆன்லைனில் ஒன்று எடுத்து வைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. இரண்டு பாலிசி இருந்தால் நஷ்டஈடு இரண்டு மடங்கு கிடைக்காது. நஷ்டம் எவ்வளவோ அவ்வளவுதான். எனவே ஒன்றை ரத்து செய்ய எழுதிக் கொடுத்தேன். அன்று 94-வது நாள்.

நான் கட்டியது 3,650 ரூபாய்க்குச் சில ரூபாய் குறைவு. கணக்கு எளிதாக இருக்க 3,650 என்றே வைத்துக்கொள்வோம், வரியையும் விட்டுவிடுவோம். நாள் ஒன்றுக்கு 10 ரூபாய். 94 நாளைக்கு 940. மீதி 2,710 வர வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வாய்க்கணக்காகச் சொல்லும். எனக்கு வந்தது 1,825.

பாலிசித் தாளின் பின்பக்கத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒரு அட்டவணை. 15 நாளுக்குள் ரத்து செய்தால் வருடப் பிரீமியத்தில் 10 சதவீதம் பிடிப்பார்கள். ஒரு மாதம் என்றால் 15. இரண்டு மாதத்துக்கு 30, மூன்றுக்கு 40, நாலுக்கு 50, ஆறுக்கு 70. ஒன்பது மாதம் தாண்டினால் முழுப் பிரீமியமும் அவர்களுக்கு. 94 நாள் மூன்று மாதத்தைத் தாண்டிவிட்டதாம், ஆகையால் நாலு மாதமாம், ஆகையால் பாதிப் பணம். பத்தாவது மாதம் பிறந்த அன்று ரத்து செய்கிறவனுக்கு இன்னும் மூன்று மாதக் காவல் பாக்கி இருக்கிறது, ஆனால் ஒரு பைசா திரும்பாது.

இதுகூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் இல்லை. பல்லைக் கடிக்க வைத்தது அதே நிபந்தனையின் அடுத்த வரி. கம்பெனி தானாகப் பாலிசியை ரத்து செய்தால் மீதி நாட்களுக்கு உரிய பணத்தை விகிதப்படி திருப்பித் தரும் என்று போட்டிருந்தது. அதாவது விகிதக் கணக்கு அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் விலகினால் விகிதம், நாம் விலகினால் அட்டவணை. ஒரே தாளில், ஒரே வாசகத்தில், இரண்டு வாய்பாடு. முப்பது வருடத்துக்கு மேல் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். விடைக்கு ஏற்ப வாய்பாட்டை மாற்றுகிற பிள்ளையை மட்டும்தான் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன்.

இந்த அட்டவணை புதிதும் அல்ல. நாடு முழுவதும் ஒரே கட்டணம் என்றிருந்த காலத்துத் தீ காப்பீட்டு விதிப் புத்தகத்தில் இருந்தது. அந்த ஒரே கட்டண முறை 2007 ஜனவரி 1-ல் எடுபட்டுவிட்டது. கம்பெனிகள் தங்கள் இஷ்டத்துக்குப் பிரீமியம் வைக்கலாம் என்று ஆனது. பழைய விலைப் பட்டியலைத் தூக்கி எறிந்தவர்களுக்கு இந்த அட்டவணையைத் தூக்கி எறிய மட்டும் மனசு வரவில்லை.

அவர்கள் பக்கமும் ஒரு பேச்சு உண்டு, மறைக்கக் கூடாது. காப்பீட்டுத் துறையில் வேலை பார்க்கிற என் மாணவன் ஒருவனே சொன்னான்: "சார், நம்ம ஊர்ல துலா மழைக்கு முன்னால எடுத்துட்டு மார்கழியில கேன்சல் பண்ணினா கம்பெனி எப்படிப் பிழைக்கும்?" நியாயம்தான். மழை மாதத்து ஆபத்தும் மாசி வெயிலும் ஒன்றல்ல. ஏஜென்ட் கமிஷன், எழுத்துச் செலவு எல்லாம் உண்டு. அப்படியானால் அந்தச் செலவு இத்தனை ரூபாய் என்று முகப்பிலேயே போட்டு வாங்கட்டும். கல்யாணத்துக்கு வீட்டை விற்றவனையும், தெரியாமல் இரட்டைப் பாலிசி எடுத்தவனையும் மழைக்கு ஏமாற்ற வந்தவன் மாதிரி நடத்துவது என்ன முறை?

வீட்டுக் கடனிலும் முன்பு இதே கதைதான். முன்கூட்டி அடைத்தால் அபராதம் போட்டார்கள். தனிநபர்கள் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு அந்த அபராதம் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. வங்கி எதுவும் மூழ்கிப்போகவில்லை. காப்பீட்டில் அந்த வெளிச்சம் வர இன்னும் 12 வருடம் ஆனது.

இனிமேல்தான் முக்கியமான பகுதி, ஜன்னலை விட்டு இங்கே பாருங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்கிற காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜூன் 11-ல் பொதுக் காப்பீட்டுக்கு ஒரு முதன்மைச் சுற்றறிக்கை போட்டது. நம்மைப் போன்ற தனிநபர் எப்போது வேண்டுமானாலும் பாலிசியை ரத்து செய்யலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வருடம் வரையிலான பாலிசியில் கிளைம் எதுவும் வாங்கியிருக்காவிட்டால் மீதி நாட்களுக்கு விகிதப்படி பணம் திருப்ப வேண்டும். பல வருடப் பாலிசி என்றால் இன்னும் தொடங்காத வருடங்களின் பிரீமியத்தைத் திருப்ப வேண்டும். கம்பெனியோ, மோசடி நிரூபணமானால் மட்டும்தான், அதுவும் குறைந்தது ஏழு நாள் நோட்டீஸ் கொடுத்துத்தான் ரத்து செய்யலாம்.

மார்த்தாண்டத்துப் பையனுக்குத் தொடங்காத வருடம் மூன்று. வருடத்துக்கு 3,000 வீதம் 9,000 ரூபாய். அதைத்தான் "ஒண்ணும் கிட்டாது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். விதி மாறி இவ்வளவு நாள் ஆகியும் கவுண்டரில் பழைய பாட்டையே பாடுகிறார்கள் என்றால் தெரியாமல் பாடுகிறார்களா, தெரிந்தே பாடுகிறார்களா? எனக்குச் சந்தேகம் இரண்டாவதின் மேல்.

இனி "சின்னத் தொகைதானே, எதுக்கு அலைச்சல்" என்று சொல்லும் அத்தான்மார்களுக்கு ஒரு வார்த்தை. நாமும் அப்படிச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தவர்கள்தான். என் 885 ரூபாய் போனது போனதுதான், சுற்றறிக்கைக்கு முந்தியது. ஆனால் நான் அன்று ஒரு கடிதம்கூட எழுதவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அவனுக்காக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாலிசி எண், ரத்து செய்யும் தேதி, சுற்றறிக்கைத் தேதி, வர வேண்டிய தொகை, வங்கிக் கணக்கு எண். அவ்வளவுதான். கவுண்டரில் வாய் பேச்சு வேண்டாம். விரைவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டுக் குடியிருக்கிற வீட்டின் பாலிசியை யாரும் ரத்து செய்துவிடாதீர்கள். 2017-ல் ஒக்கியின்போது நம் ஜில்லாவில் ஓடு பறந்த வீடுகளையும் ரப்பர் மரம் விழுந்து சுவர் பிளந்த வீடுகளையும் பார்த்தவர்கள் நாம். கம்பெனி மாற்றுவதானால் புதுப் பாலிசி கைக்கு வந்த பிறகு பழையதை விடுங்கள். வங்கிக் கடன் இருந்தால் வங்கிக்கும் தெரிவியுங்கள். வீட்டுக்குக் காப்பீடு வேண்டும் என்று வங்கி கேட்கலாம். இந்தக் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது.

கடிதம் செவ்வாய்க்கிழமை தபாலில் போனது. பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன். நகல் வேண்டியவர்கள் கேளுங்கள், பெயரையும் தொகையையும் மாற்றிக்கொள்ளலாம். தபால் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.